பஞ்சுல குப்பை, குப்பையில பஞ்சு: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஜின்னிங் (பருத்தியில கொட்டையையும் பஞ்சையும் பிரிக்கறது) பத்தி நாலு வரி எழுதினதுக்கு இவ்ளோ கேள்வி வரும்னு நினைக்கல. முக்கால்வாசி லிண்ட் கிளீனர், அதாவது கொட்டை பிரிச்ச பஞ்சுல மிஞ்சின குப்பையை எடுக்கற மெஷின் பத்திதான், அதனால இந்த தடவை முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டேன். மத்த கேள்விகள் அனுப்பினவங்க கோவிச்சுக்காதீங்க, அடுத்த இதழ்ல பாத்துக்கலாம்.

கேள்வி: சார், ஜின்னுக்கு முன்னாடியே ப்ரீ கிளீனர்ல குப்பை எடுத்தாச்சு, ஜின்ல கொட்டையும் பிரிச்சாச்சு. அப்புறம் எதுக்கு பஞ்சை இன்னொரு மெஷின்ல விடணும்? உள்ள என்னதான் நடக்குது? (டெக்ஸ்டைல் டிப்ளமோ படிக்கிற மாணவர்)

நல்ல கேள்வி தம்பி, இதுக்கு கொஞ்சம் நீளமாவே பதில் சொல்றேன், மத்த பதில்களுக்கும் இதுதான் அஸ்திவாரம்.

ப்ரீ கிளீனர் எடுக்கிறது கண்ணுக்கு தெரியற பெரிய குப்பை. குச்சி, காய் ஓடு, முழுசா இருக்கற இலை, மண்ணு. அதுல தப்பிச்ச காய்ஞ்ச இலை ஜின்னுக்குள்ள போய் நொறுங்கி பொடியாயிடும். கொட்டையோட தோல் அங்கங்க பிஞ்சு நாரோடயே ஒட்டிக்கிட்டு வரும். சரியா முத்தாத சின்ன கொட்டைங்க, மோட்னு சொல்வாங்களே, அதுலயும் கொஞ்சம் பஞ்சோட சேர்ந்து இந்தப் பக்கம் வந்துடும். ஆக ஜின்ல இருந்து வெளிய வர்ற பஞ்சுல இருக்கறது பழைய குப்பையோட மிச்சம் மட்டும் இல்ல, ஜின்னே உண்டாக்கின புது குப்பையும் அதுல இருக்கு. இதை எடுக்கத்தான் லிண்ட் கிளீனர்.

இப்ப உள்ள என்ன நடக்குதுன்னு பாப்போம். ஜின்ல இருந்து பஞ்சு காத்துல பறந்து கண்டென்சருக்கு வருது. கண்டென்சர்னா சல்லடை போட்ட ஒரு பெரிய டிரம், காத்து ஓட்டை வழியா உள்ள போயிடும், பஞ்சு மேல படிஞ்சு ஒரு மெத்தை மாதிரி ஷீட்டா வரும், இதை பேட்னு சொல்லுவாங்க. அந்த பேட்டை ரோலர்கள் அமுக்கி, ஃபீட் ரோலருக்கும் ஃபீட் பிளேட்டுக்கும் நடுவுல கெட்டியா பிடிச்சு, மெதுவா முன்னாடி தள்ளும். எதுத்தாப்ல பல்லு பல்லா இருக்கற சா சிலிண்டர் பயங்கர வேகத்துல சுத்திக்கிட்டு இருக்கும். பேட்டோட நுனியில இருந்து அந்த பல்லுங்க பஞ்சை கொஞ்சம் கொஞ்சமா பிச்சு எடுத்துட்டு ஓடும். ஓடற வழியில சிலிண்டருக்கு ரொம்ப கிட்டத்துல அஞ்சாறு கிரிட் பார் வரிசையா நிக்குது, கூரான விளிம்போட. நார் பல்லுல மாட்டி இருக்கறதால கூடவே போயிடும், இலைத்தூள் மாட்டறதுக்கு வழி இல்லாம சுழற்சி வேகத்துல வெளிய துருத்திக்கிட்டு வரும், பார் விளிம்புல அடி வாங்கி கீழ விழும். கடைசில ஒரு பிரஷ் சிலிண்டர் பல்லுல இருக்கற நாரை துடைச்சு எடுத்து காத்துல அனுப்பிடும். அவ்ளோதான் மொத்த கதையும்.

அந்த வேகம் எவ்ளோன்னு ஒரு கணக்கு போட்டு பாத்துக்கோங்க. 16 இன்ச் விட்டம் உள்ள சா சிலிண்டர் நிமிஷத்துக்கு 1000 சுத்து சுத்துதுன்னா பல்லு நுனியோட வேகம் செகண்டுக்கு 21 மீட்டருக்கு மேல. ஃபீட் ரோலர் செகண்டுக்கு சுமார் 1 மீட்டர் வேகத்துல பஞ்சை கொடுத்தா பல்லு அதை விட 21 மடங்கு வேகமா இழுக்குது. இந்த விகிதத்துக்குத்தான் கோம்பிங் ரேஷியோன்னு பேரு. இதை ஏத்தினா பஞ்சு இன்னும் மெல்லிசா பிரியும், குப்பை நல்லா விழும், ஆனா நார் அறுபடறதும் ஏறும். இந்த ஒரு விஷயம் மனசுல நின்னா போதும், கீழ இருக்கற பாதி பதிலை நீங்களே எழுதிடலாம்.

கேள்வி: எங்க சா ஜின்னுல (ரம்பப் பல்லு வெச்ச ஜின்) ஒரு லிண்ட் கிளீனர் இருக்கு. ரெண்டாவது ஒண்ணு போட்டா பஞ்சு இன்னும் வெள்ளையா வரும், நல்ல கிரேடு கிடைக்கும்னு மெஷின் விக்கிறவர் சொல்றார். போடலாமா? (ஜின்னிங் பேக்டரி நடத்தறவர்)

அவர் சொல்றது பொய் இல்ல. ஆனா பாதிதான் சொல்லியிருக்கார், மீதியை நான் சொல்றேன்.

முதல் மெஷின் எடுக்கற அளவுக்கு ரெண்டாவது மெஷினுக்கு எடுக்க குப்பை இருக்காது, சுலபமா விழறது எல்லாம் முதல்லயே விழுந்துடுச்சு. ஆனா நாருக்கு விழற அடி ரெண்டாவதுலயும் அதே அடிதான். நீளமான நார் அறுந்து ஷார்ட் ஃபைபர் (குட்டை நார்) கூடும், நெப்ஸ் (நார் சிக்கின சின்ன சின்ன முடிச்சு) கூடும். அதோட கீழ விழறது குப்பை மட்டும் இல்ல, நல்ல நாரும் கொஞ்சம் சேர்ந்து விழுது. அதாவது உங்க பேல் (அமுக்கி கட்டின பஞ்சு மூட்டை) வெயிட் குறையுது.

ஒரு பேச்சுக்கு ரெண்டாவது மெஷினால வெயிட் ஒண்ணரை சதவீதம் குறையுதுன்னு வெச்சுக்குவோம். நூறு கிலோ இருந்த இடத்துல தொண்ணூத்தி எட்டரை கிலோ. இதே காசு கைக்கு வரணும்னா கிலோ விலை ஒண்ணரை சதவீதத்துக்கு கொஞ்சம் மேல ஏறணும், அது வெறும் கை கடிக்காம இருக்கறதுக்கு மட்டும். கரண்ட், சா ஒயர் (சிலிண்டர் மேல சுத்தின பல்லுக் கம்பி) தேய்மானம், பிரஷ், ஒரு ஆளு, இதெல்லாம் அதுக்கு மேல. ஸ்டேபிள் நீளம் (நாரோட நீளம்) ஒரு படி இறங்கிட்டா அதுக்கு விலையில பிடிக்கறது தனி. வாங்கறவர் கிரேடுக்கு அவ்ளோ கூட கொடுக்கறாரா? கொடுக்கறார்னா போடுங்க. இல்லன்னா சுத்தமான பஞ்சை கம்மியா வித்து சந்தோஷப்பட்டுக்க வேண்டியதுதான்.

இன்னொரு விஷயம், வெள்ளையா வரும்னு சொன்னாரே, அது எப்படின்னா குப்பை போறது ஒரு காரணம், இன்னொன்னு மெஷின் பஞ்சை சீவி கலந்து விடறதால அங்கங்க இருந்த லேசான மஞ்சள் திட்டு பரவலா கலந்து கண்ணுக்கு தெரியாம போயிடும். நிறம் மாறல, பரவுது.

என்னை கேட்டா, ரெண்டாவது மெஷின் போடுங்க, ஆனா பக்கத்துலயே பைபாஸ் வால்வோட போடுங்க. குப்பை அதிகமா வர்ற மெஷின் அறுவடை பருத்திக்கு ரெண்டும் ஓடட்டும், கையால பறிச்ச சுத்தமான பருத்தி வரும்போது ஒண்ணை தாண்டி விட்டுடுங்க. வாங்கிப் போட்டாச்சேன்னு எல்லா லாட்டையும் ரெண்டுலயும் ஓட்டறவங்களைத்தான் நான் நிறைய பாக்கறேன்.

கேள்வி: வேஸ்ட் பக்கம் போய் பாத்தா வெள்ளை வெள்ளையா நல்ல பஞ்சு விழுது. எங்க செக் பண்ணணும்? (ஜின்னிங் ஃபிட்டர்)

அந்த வேஸ்ட்ல கொஞ்சம் கையில எடுத்து பிரிச்சு பாருங்க. குட்டையா, கொட்டைத்தோலோட, மோட்டோட இருந்தா அது நார்மல், விட்டுடுங்க. நீள நாரா, கொத்து கொத்தா, இழுத்தா வர்ற மாதிரி இருந்தா மெஷின்ல விஷயம் இருக்கு.

முதல்ல பேட்டை பாருங்க, பேட் சரியில்லாம மத்ததை திருகிக்கிட்டு இருக்கறது வீண் வேலை. ஒரு பக்கம் தடிமனா ஒரு பக்கம் ஓட்டையா வந்தா, மெல்லிசா இருக்கற இடத்துல ஃபீட் ரோலர் பிடியே கிடைக்காது, சா பல்லு கொத்தா புடுங்கிட்டு போகும், அந்த கொத்து கிரிட் பார்ல மோதி அப்படியே கீழ. பேட் ஏன் ஒழுங்கா வரலன்னா கண்டென்சர் சல்லடை ஒரு பக்கம் அடைச்சிருக்கும், இல்ல டிரம் சீல் கிழிஞ்சிருக்கும், இல்ல காத்து டக்ட்ல ஒரு பக்கமா போகும். சல்லடைல மூடின பொடியை சுத்தம் பண்ணினாலே பாதி பிரச்சனை தீர்ந்துடும்.

அடுத்தது பிரஷ். பிரஷ் முனை தேஞ்சு பல்லை தொடாம இருந்தாலோ, பெல்ட் நழுவி வேகம் குறைஞ்சு போயிருந்தாலோ, பல்லுல இருக்கற நாரை முழுசா எடுக்காது. எடுக்காத நார் இன்னொரு சுத்து போய் ஃபீட் பிளேட் முன்னாடி மறுபடி வரும், பல்லு நிறைஞ்சு போய் புதுசா வர்றதுக்கு இடம் இருக்காது, பஞ்சு மேலாப்ல தொங்கிக்கிட்டு வந்து பார்ல அடிபட்டு விழும். பிரஷ்ஷோட முனை வேகம் சாவோட பல்லு வேகத்தை விட எப்பவும் கூட இருக்கணும், இதை டாக்கோமீட்டர் வெச்சு அளந்து கணக்கு போட்டு பாருங்க, பெல்ட்டை அமுக்கி பாத்துட்டு டைட்டா இருக்குன்னு சொல்லாதீங்க.

அப்புறம் பல்லு. மெஷினை நிறுத்தி, மெயின் ஆஃப் பண்ணி, பூட்டு போட்டு, சிலிண்டர் முழுசா நின்னுச்சான்னு கண்ணால பாத்துட்டு (சுவிட்ச் ஆஃப் பண்ணினதும் நிக்காது, ரொம்ப நேரம் சுத்தும், கை போன ஃபிட்டர்கள் கதை எல்லாம் இந்த இடத்துலதான்) பல்லை விரலால லேசா தடவி பாருங்க. நுனி மொட்டையா வழுக்குதுன்னா, வளைஞ்சு கிடக்குன்னா, நாரை அதால பிடிச்சு வெச்சுக்க முடியாது. ஒயர் மாத்தற நேரம் வந்தாச்சு. மொட்டை பல்லோட ஓட்டறதுக்காக வேகத்தை ஏத்தறது நம்ம ஆளுங்களுக்கு பழக்கம், அது நாரை அறுக்கும், குப்பையை எடுக்காது.

கடைசியா கிரிட் பார் கேப்பும், கீழ இருக்கற உறிஞ்சு காத்தும். பார் விளிம்பு கூரா இருக்கணும், கேப் நீளம் முழுக்க ஒரே மாதிரி இருக்கணும், அளவு உங்க மெஷின் மேனுவல்ல இருக்கும், ஃபீலர் கேஜ் வெச்சு ரெண்டு கோடியிலயும் நடுவுலயும் பாருங்க. உறிஞ்சு காத்து ரொம்ப குறைஞ்சா விழுந்த குப்பையே திரும்ப சிலிண்டர்ல ஏறிடும், பாருக்கு நடுவுல பஞ்சு சுருட்டிக்கிட்டு நிக்கும். ரொம்ப கூடினாலோ, வேஸ்ட் பாக்ஸ்ல எங்கயாவது ஓட்டை விழுந்து காத்து தாறுமாறா வந்தாலோ நல்ல நாரையும் சேர்த்து இழுக்கும்.

கேள்வி: காத்துலயே சுத்தம் பண்ற லிண்ட் கிளீனர் இருக்காமே, நாருக்கு அடியே படாதாமே?

இருக்கு. ஏர் ஜெட் கிளீனர்னு சொல்வாங்க, சா ஜின்னுக்கு நேர் பின்னாடி மாட்டறது. உள்ள சுத்தற பாகமே கிடையாது. பஞ்சோட வேகமா வர்ற காத்தை ஒரு இடத்துல சடார்னு திருப்பி விடுவாங்க, திருப்பத்துல ஒரு மெல்லிசான சந்து இருக்கும். இறகு மாதிரி இருக்கற பஞ்சு காத்தோட திரும்பிடும், கனமான மோட்டும் கொட்டைத்துண்டும் திரும்ப முடியாம நேரா போய் சந்து வழியா வெளிய விழுந்துடும். நாருக்கு கெடுதல் இல்லங்கறது உண்மை. ஆனா பொடி இலைத்தூள் பஞ்சு அளவுக்கே லேசு, அதுவும் நாரோட சிக்கிக்கிட்டு இருக்கும், அதை இது பெருசா எடுக்காது. சா டைப்புக்கு பதில்னு நினைக்காதீங்க, அதுக்கு முன்னாடி ஒரு கை உதவின்னு வெச்சுக்கோங்க.

கேள்வி: நாங்க ஸ்பின்னிங் மில். லிண்ட் கிளீனர்ல ரொம்ப அடிச்ச பஞ்சு எங்களுக்கு வேண்டாம், கொஞ்சம் குப்பை இருந்தாலும் பரவால்லன்னு சொன்னா ஜின்காரங்க சிரிக்கறாங்க. நாங்க கேக்கறது தப்பா?

தப்பே இல்ல, நியாயமான கேள்வி. உங்க ப்ளோ ரூம் (பேலை பிரிச்சு உதறி சுத்தம் பண்ற இடம்), கார்டிங் (நாரை சிக்கெடுத்து சீவற மெஷின்) ரெண்டும் இலைத்தூளை நல்லாவே எடுக்கும், ஆனா அறுந்த நாரை எந்த மெஷினாலயும் ஒட்ட வைக்க முடியாது. நெப்ஸை கார்டிங் குறைக்கும், ஷார்ட் ஃபைபரை எடுக்கணும்னா கோம்பர்னு தனி மெஷின் வேணும், கார்டிங்கோட நிறுத்தி கார்டட் நூல் ஓட்டற மில்லுக்கு அந்த வசதியும் இல்ல. ஆக மூணு சதவீத குப்பையோட நீள நாரா வந்த பஞ்சு, ஒரு சதவீத குப்பையோட அடிபட்டு வந்த பஞ்சை விட உங்க கையில நல்ல நூலா மாறலாம்.

அப்ப ஜின்காரர் ஏன் சிரிக்கறார்? அவருக்கு விலை போடற கிளாசிங்ல (தரம் பிரிக்கறதுல) குப்பையும் நிறமும் பளிச்னு தெரியுது. ஹெச்விஐங்கற மெஷின்ல பஞ்சை டெஸ்ட் பண்ற ரிப்போர்ட்ல நீளம், யூனிஃபார்மிட்டி (நீளம் எவ்ளோ சீரா இருக்குங்கறது) எல்லாம் வரும், ஆனா நெப்ஸ் எண்ணிக்கை வராது, அதுக்கு ஏஎஃப்ஐஎஸ்னு இன்னொரு மெஷின் டெஸ்ட் தனியா போடணும். அளக்காததுக்கு யாரும் காசு கொடுக்க மாட்டாங்க, காசு இல்லாததை யாரும் காப்பாத்த மாட்டாங்க. சிரிக்கறவரை திட்டாம, லாட்டுக்கு லாட்டு நெப்ஸ் அளந்து, கம்மியா இருந்தா விலை கூட தர்றேன்னு எழுத்துல கொடுங்க. பைபாஸ் வால்வு தானா திறக்கும்.

கேள்வி: பஞ்சு நல்லா காய்ஞ்சிருந்தா குப்பை சுலபமா போகுது, அதனால டிரையர் சூட்டை ஏத்தி வெச்சிருக்கோம். சரிதானே?

குப்பை போறது சரி. ஈரமான இலை நாரோட ஒட்டிக்கும், காய்ஞ்சது உதிரும். ஆனா பருத்தி நாருக்கு ஒரு குணம் உண்டு, ஈரம் குறைய குறைய அதோட வலுவும் குறையும். நாரோட ஈரம் 6 லேர்ந்து 7 சதவீதம் இருக்கும்போது ஜின் பண்றது நல்லதுன்னுதான் பொதுவா சொல்றது. 5க்கு கீழ போயிட்டா ஜின்லயும் அறுபடும், லிண்ட் கிளீனர்ல இன்னும் மோசமா அறுபடும், போதாததுக்கு ஸ்டாட்டிக் ஏறி பஞ்சு டக்ட்லயும் ரோலர்லயும் ஒட்டிக்கிட்டு சோக் ஆகும். அப்புறம் பிரஸ் பண்றப்போ தண்ணி தெளிச்சு ஈரத்தை ஏத்தறாங்க, வெயிட்டும் கிடைக்கும் பிரஸ்ஸும் சுலபம், ஆனா அறுந்து போன நாருக்கு அதால ஒரு பிரயோஜனமும் இல்ல. சூட்டை இறக்குங்க, மீட்டர் வெச்சு பாத்து இறக்குங்க.

கேள்வி: எங்ககிட்ட டபுள் ரோலர் ஜின், நீள நார் பருத்திதான் ஓட்டறோம். சா டைப் லிண்ட் கிளீனர் சேக்கலாமா?

வேண்டாம். நாரோட நீளத்தை காப்பாத்தத்தானே ரம்பப் பல்லு இல்லாம ரோலராலயே நாரை இழுத்து பிரிக்கற ரோலர் ஜின்னே போட்டீங்க, பின்னாடி சா பல்லை வெச்சா போட்ட காசு வீண். ரோலர் ஜின் பஞ்சுக்கு முள் வெச்ச சிலிண்டரும் கீழ சல்லடையும் இருக்கற மென்மையான கிளீனர், கூட ஏர் ஜெட், இதுவே போதும். அதுக்கு மேல சுத்தம் வேணும்னா ஜின்னுக்கு முன்னாடி, பருத்தியில கொட்டை இருக்கும்போதே செலவு பண்ணுங்க, அப்ப அடி வாங்கறது கொட்டையோட சேர்ந்த முழு பருத்தி, தனி நார் இல்ல.

கேள்வி: சாக்கு நூல், பிளாஸ்டிக் கவர் துண்டு எல்லாம் லிண்ட் கிளீனர்ல போயிடுமா?

போகாது. போகாதது மட்டும் இல்ல, ஒரு பெரிய துண்டா இருந்ததை சா பல்லு நூறு துண்டா கிழிச்சு பேல் முழுக்க பரப்பி விட்டுடும். பிளாஸ்டிக் இலை மாதிரி உதிராது, நார் மாதிரியே பல்லுல மாட்டிக்கிட்டு பஞ்சோட போகும். அப்புறம் சாயம் போட்ட துணியில சாயம் ஏறாத கோடா நிக்கும்போதுதான் தெரியவரும். யார்டுல, தீனி போடற பெல்ட்ல, ஆளு நின்னு கையால பொறுக்கறதுதான் வழி. கேமரா வெச்சு பிளாஸ்டிக்கை கண்டுபிடிக்கற சிஸ்டமும் வந்திருக்கு, அதுவும் ஜின்னுக்கு முன்னாடி வெச்சாத்தான் பிரயோஜனம்.

கேள்வி: பஞ்சு பிசுபிசுன்னு ஒட்டுது, ரெண்டு தடவை லிண்ட் கிளீனர்ல விட்டும் போகல.

போகாது. அது வெள்ளை ஈயும் அசுவினியும் விட்ட தேன்கழிவு, சர்க்கரை. மெஷின்ல விட விட ரோலர்ல ஒட்டி மெஷின்தான் கெடும். செடியில பூச்சியை பாத்திருக்கணும்.

கேள்வி: ஒரே மெஷின், ஒரே செட்டிங். சில விவசாயிகளோட பருத்தி சுத்தமா வருது, சிலரோடது எவ்ளோ ஓட்டினாலும் இலைத்தூளோடயே வருது. ஏன்?

ரகத்தை கேளுங்க முதல்ல. இலையில முடி அதிகமா இருக்கற ரகங்கள்ல, இலை நொறுங்கினா ஒவ்வொரு துண்டும் நாரை கொக்கி போட்டு பிடிச்சுக்கும். வழவழ இலை ரகத்துல அந்த தொந்தரவு கம்மி. ஆனா பூச்சி தாக்காம இருக்க முடி இலை உதவுதுன்னு விவசாயி அதை விரும்பறார், அவர் கணக்கு அவருக்கு. ரெண்டாவது, பறிக்கும்போது பனி காயலன்னா இலை ஈரத்தோட பஞ்சுல அப்பிக்கும். மூணாவது, மெஷின் அறுவடைன்னா இலை உதிர்க்கற மருந்து அடிச்சு சரியா உதிர்ந்துச்சாங்கறது. இதுல எதையும் லிண்ட் கிளீனரால சரி பண்ண முடியாது, அறிகுறியை குறைக்கத்தான் முடியும்.

கேள்வி: இந்த மெஷினை முதல்ல யார் கண்டுபிடிச்சது? ஜின் கண்டுபிடிச்ச எலி விட்னியா? (பள்ளி ஆசிரியை)

இல்லைங்க. விட்னி பேட்டன்ட் வாங்கினது 1794ல, அது கம்பி முள் வெச்சு கொட்டையில இருந்து பஞ்சை பிரிக்கற மெஷின் மட்டும்தான். முள்ளுக்கு பதில் வட்ட ரம்பம் வெச்ச சா ஜின்னுக்கு ஹாட்ஜென் ஹோம்ஸ் 1796ல பேட்டன்ட் வாங்கினார். அப்ப எல்லாம் கையால பறிப்பாங்க, குப்பை கம்மி, பின்னாடி சுத்தம் பண்ற மெஷினுக்கு பெரிய தேவை வரல. அமெரிக்காவுல 1940கள்ல இருந்து மெஷின் அறுவடை பரவ ஆரம்பிச்சதும்தான் இலையும் குச்சியும் சேர்ந்து வர ஆரம்பிச்சுது, அதுக்கப்புறம்தான் சா டைப் லிண்ட் கிளீனர் ஜின்களுக்குள்ள வேகமா நுழைஞ்சுது. ஆனா ஒண்ணு, பல்லுல இருந்து பஞ்சை எடுக்க சுத்தற பிரஷ் வெச்ச யோசனை விட்னியோட மெஷின்லயே இருந்தது, இன்னைக்கும் லிண்ட் கிளீனர்ல அதே பிரஷ்தான் சுத்துது.

கேள்வி: லிண்ட் கிளீனர் வேஸ்ட்டை கொட்டறதா, விக்கறதா?

கொட்டாதீங்க. திரும்ப சுத்தம் பண்ணி எடுத்தா குட்டை நார் கிடைக்கும், ஓப்பன் எண்ட்ங்கற நூற்பு முறையில தடிமனான நூலுக்கு கலப்பாங்க, மெத்தைக்கு அடைப்பாங்க. எடுத்ததை திருட்டுத்தனமா நல்ல பேல்ல கலக்கற வேலை மட்டும் வேண்டாம், டெஸ்ட்ல ஷார்ட் ஃபைபர் காட்டிக் கொடுத்துடும்.

கேள்வி: என் வீட்டுக்காரர் லிண்ட் கிளீனர் செக்ஷன்ல வேலை பாக்கறார். வார லீவு முடிஞ்சு போற முதல் நாள் மட்டும் நெஞ்சை இறுக்குது, மூச்சு வாங்குதுங்கறார், அடுத்தடுத்த நாள் குறைஞ்சிடுது. அலுப்புதான்னு சொல்றார்.

அலுப்புன்னு விட்டுடாதீங்கம்மா. பஞ்சு தூசியால வர்ற பிஸ்ஸினோசிஸ்னு ஒரு நுரையீரல் நோய் இருக்கு, அதோட ஆரம்ப அடையாளமே நீங்க எழுதியிருக்கற இதுதான், லீவுக்கு அப்புறம் முதல் நாள் இறுக்கம், போக போக குறையறது. கவனிக்காம வருஷக்கணக்கா போனா எல்லா நாளும் இருக்க ஆரம்பிச்சு நுரையீரல் நிரந்தரமா கெட்டுடும், சிகரெட் பழக்கம் இருந்தா இன்னும் சீக்கிரம். டாக்டர்கிட்ட போகும்போது பஞ்சு தூசியில வேலைங்கறதை முதல்ல சொல்லச் சொல்லுங்க, மூச்சு ஊதி பாக்கற ஸ்பைரோமெட்ரி டெஸ்ட்டை வேலைக்கு போறதுக்கு முன்னாடியும் ஷிப்ட் முடிஞ்சப்புறமும் எடுக்க சொல்லி கேளுங்க, வித்தியாசம் அதுலதான் தெரியும். சாதாரண துணியை மூக்குல கட்டறது இந்த பொடிக்கு பத்தாது, என்95 (N95) மாஸ்க் போடணும், அது மூக்கோட ஒட்டி உக்காரணும். டெஸ்ட்ல ஏதாவது காட்டுச்சுன்னா தூசி இல்லாத செக்ஷனுக்கு மாத்திக் கொடுக்கச் சொல்லி டாக்டர் லெட்டரோட கேக்கலாம், கேக்கறதுக்கு அவர் தயங்கினா நீங்களும் கூட போங்க.